பதினோரு ஓவர், பூஜ்யம் விக்கெட்: ஒரு நிகழ்வு ஆய்வு

2021 நவம்பர் 5, துபாய். டி20 உலகக் கோப்பையில் இந்தியாவும் ஸ்காட்லாந்தும் ஆடிய ஆட்டத்தின் ஸ்கோர்கார்டை எடுத்துப் பாருங்கள். ஸ்காட்லாந்து 17.4 ஓவரில் 85 ரன்னுக்கு ஆல் அவுட். இந்தியாவுக்காகப் பந்து வீசியவர்கள் ஐந்து பேர். ஷமிக்கு 3, ஜடேஜாவுக்கு 3, பும்ராவுக்கு 2, அஸ்வினுக்கு 1, மிச்சம் ஒன்று ரன் அவுட். ஐந்தாவது ஆள் 3 ஓவரில் 15 ரன் கொடுத்திருந்தார். அவர் பெயருக்கு நேரே பூஜ்யம். பந்தியில் வரிசையாக எல்லா இலையிலும் பாயசம் விழுந்து, ஒரு இலையை மட்டும் வாளி தாண்டிப் போன மாதிரி.

அந்த ஐந்தாவது ஆள் வருண் சக்கரவர்த்தி. அதற்கு முன் பாகிஸ்தானோடு 4 ஓவர், 33 ரன். நியூசிலாந்தோடு 4 ஓவர், 23 ரன். மூன்று ஆட்டமும் அதே துபாய் மைதானம். மொத்தம் 11 ஓவர், 71 ரன், விக்கெட் இல்லை. அதன்பிறகு ஏறக்குறைய மூன்று வருடம் அவரை இந்திய அணி கூப்பிடவில்லை.

நான் பல வருடம் நிறுவனங்களில் ஹெச்ஆர் வேலை பார்த்தவன். வேலையில் அடிவாங்கித் தன்னம்பிக்கை இழந்தவர்களோடு பேசுவது என் வேலையில் ஒரு பகுதியாகவே இருந்தது. அந்தப் பேச்சுகளில் நாங்கள் பயன்படுத்திய உதாரணங்கள் எல்லாமே பூசி மெழுகியவை. 'விழுந்தார், எழுந்தார்' என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும். நடுவில் அந்த ஆள் திங்கட்கிழமை காலை எழுந்து என்ன செய்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வருண் விஷயத்தில் அந்த நடுப்பகுதி ஓரளவு தெளிவாகக் கிடைக்கிறது. அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மிச்சத்தை ஸ்கோர்கார்டுகள் சொல்கின்றன. அந்த இரண்டை மட்டும் வைத்து எழுதுகிறேன்.

அதற்கு முன்

1991-ல் கர்நாடகத்தின் பீதரில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். பள்ளி நாட்களில் விக்கெட் கீப்பர். வயதுப் பிரிவு அணிகளில் தேர்வாகாமல் போய், 17 வயதில் கிரிக்கெட்டை விட்டார். எஸ்.ஆர்.எம்.மில் ஐந்து வருடம் ஆர்க்கிடெக்சர் படித்து, அந்த வேலைக்கும் போனார். டென்னிஸ் பந்து ஆட்டம் மட்டும் விடவில்லை. இருபத்தைந்து வயதுவாக்கில் மறுபடி கிளப் கிரிக்கெட்டுக்கு வந்தபோது வேகப்பந்து வீசினார். முழங்கால் போனது. அதனால்தான் சுழலுக்கு மாறினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். 2017-18-ல் சென்னை நான்காம் டிவிஷன் லீக்கில் ஜூபிலி கிளப்புக்காக 7 ஆட்டத்தில் 31 விக்கெட். 2018-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கோப்பையை வென்ற மதுரை அணியில் முக்கியப் பந்துவீச்சாளர். அந்த டிசம்பர் ஐபிஎல் ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையிலிருந்து ஏறி 8.4 கோடிக்குப் பஞ்சாப் அணி எடுத்தது.

2019 மார்ச்சில் முதல் ஐபிஎல் ஆட்டம். வீசிய முதல் ஓவரில் 25 ரன். விரலில் காயம். அந்த ஒரு ஆட்டத்தோடு சீசன் முடிந்தது, பஞ்சாப் விடுவித்தது. கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்து 2020-ல் ஆட வைத்தது. 17 விக்கெட், அதில் டெல்லிக்கு எதிராக 20 ரன்னுக்கு 5. ஆஸ்திரேலியா போகும் இந்திய அணியில் பெயர் வந்தது, தோள்பட்டைக் காயத்தால் போக முடியவில்லை. அவருக்குப் பதிலாகப் போனவர் நம் சின்னப்பம்பட்டி நடராஜன். அதே பயணத்தில் மூன்று வடிவத்திலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டுத் திரும்பினார். 2021 மார்ச்சில் இங்கிலாந்து தொடருக்கு வருண் பெயர் மறுபடி வந்தது, உடற்தகுதித் தேர்வில் நின்றுபோனது. கடைசியில் ஜூலையில் கொழும்பில் அறிமுகம்.

இவ்வளவு அடி வாங்கியவருக்கு 2021 உலகக் கோப்பை ஏன் வேறு மாதிரி வலித்தது? முந்தைய அடிகளில் பெரும்பாலானவை உடம்பில் விழுந்தவை. விரல், தோள், முழங்கால். அவற்றுக்கு மருத்துவர் உண்டு, நாள் கணக்கு உண்டு. 2021-ல் விழுந்தது தொழிலின் மேல். 'மிஸ்டரி ஸ்பின்னர்' என்ற ஒரே காரணத்துக்காக அணிக்குள் வந்தவர் அவர். பந்து எந்தப் பக்கம் போகும் என்று எதிராளிக்குத் தெரியாது என்பதுதான் அவர் கையில் இருந்த முதல். முதல் ஆட்டத்தில் பாகிஸ்தானின் ரிஸ்வானும் பாபரும் 152 ரன்னை விக்கெட் இழப்பே இல்லாமல் எடுத்தபோது, அந்த முதலையே கேள்வி கேட்ட மாதிரி ஆகிவிட்டது.

அலுவலகத்திலும் இப்படி ஒரு வகை ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வேறு துறையிலிருந்து தாமதமாக வந்து, ஒரே ஒரு திறமையால் வேகமாக மேலே ஏறியவர்கள். அந்த ஒன்று ஒரு நாள் வேலை செய்யாமல் போனால் கீழே ஊன்றிக்கொள்ள அவர்களுக்கு வேறெதுவும் இருக்காது. படிப்படியாக வந்தவனுக்கு 'போன வருஷமும் இப்படித்தான் ஆச்சு, சரியாப் போச்சு' என்ற நினைவு இருக்கும். வருணுக்கு அப்போது பெரிய கிரிக்கெட்டில் நினைவு வைத்துக்கொள்ள மூன்று வருடம்கூட இல்லை.

அடி விழுந்த பிறகு

2025 மார்ச்சில் தொகுப்பாளர் கோபிநாத்துடன் யூடியூபில் பேசியபோதுதான் இந்தக் காலத்தை அவர் விரிவாகச் சொன்னார். மனச்சோர்வில் விழுந்தது. இந்தியாவுக்கு வராதே, வந்தால் நடக்கிறதே வேறு என்று வந்த மிரட்டல் அழைப்புகள். வீட்டைத் தேடிக்கொண்டு ஆட்கள் வந்தது, ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. விமான நிலையத்திலிருந்து பைக்கில் பின்தொடர்ந்தது. இத்தனை எதிர்பார்ப்போடு எடுத்தார்களே, ஒரு விக்கெட்கூட எடுக்க முடியவில்லையே என்ற வருத்தம் இவை எல்லாவற்றுக்கும் மேலே.

ஒரு பந்துவீச்சாளர் விக்கெட் எடுக்காததற்கு இது தண்டனை. இதைவிடக் கேவலமான வசவு பாகிஸ்தான் ஆட்டத்துக்காக ஷமிக்கு விழுந்தது நினைவிருக்கும். இந்த ஆய்வின் விஷயம் அது இல்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த எண்களை மறுபடி பாருங்கள். 11 ஓவரில் 71 ரன் என்றால் ஓவருக்கு 6.45. எந்த டி20 கேப்டனும் கையெடுத்து வாங்கிக்கொள்ளும் கணக்கு. பாகிஸ்தான் ஆட்டத்தில் ஒரு இந்தியருக்கும் விக்கெட் கிடைக்கவில்லை. நியூசிலாந்துக்கு 111 ரன் எடுத்தால் வெற்றி; அவசரப்பட அவர்களுக்குத் தேவையே இல்லை. எடுத்த இரண்டு விக்கெட்டும் பும்ராவுக்கு. பாகிஸ்தான் ஆட்டத்துக்கு ஒன்பது நாள் முன்புவரை, இதே அமீரகத்தில் நடந்த ஐபிஎல்லின் இரண்டாம் பாதியில் வருண் ஆடிக்கொண்டிருந்தார். அந்த சீசனில் அவர் கணக்கு 18 விக்கெட். ஆக, 66 பந்துகளை வைத்து ஒருவருடைய தொழில் தீர்ந்துவிட்டது என்று சொன்னால், அந்த முடிவு அவசரத்தில் எடுத்தது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தன்னம்பிக்கை பற்றிப் பேசும்போது நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதே இல்லை. 'நடந்தது உண்மையிலேயே என் குறைதானா? எந்த அளவுக்கு?' 2021 நவம்பரில் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், 'இதை வைத்துச் சொல்ல முடியாது' என்பதுதான். ஆனால் மிரட்டல் அழைப்பு வந்துகொண்டிருக்கும்போது யாராலும் புள்ளிவிவரம் படிக்க முடியாது.

ஒரு தரப்பு மட்டும் படித்திருக்கிறது போல. ஸ்காட்லாந்து ஆட்டம் முடிந்து 25-ஆவது நாள், நவம்பர் 30 அன்று, கொல்கத்தா அணி தான் தக்கவைத்துக்கொள்ளும் நான்கு பேரை அறிவித்தது. ரஸ்ஸல், வெங்கடேஷ் ஐயர், நரைன் ஆகியோரோடு வருணும். 8 கோடி. முன்பு வாங்கியதைப் போல் இரண்டு மடங்கு.

இரண்டாவது சரிவு

வழக்கமான கதையாக இருந்தால் இந்த இடத்தில் இசை உயரும், அவர் விக்கெட்டாக எடுப்பார். நடந்தது அதற்கு நேர்மாறு. 2022 ஐபிஎல்லில் 11 ஆட்டம், 6 விக்கெட். பாதியில் அணியிலிருந்தே உட்கார வைத்தார்கள்.

என் பார்வையில் இந்த நிகழ்வின் நடுமையம் இதுதான். எல்லோரும் 2021-ஐப் பேசுகிறார்கள். அவருடைய பிரச்சினை என்ன என்று காட்டியது 2022. அந்த சீசனைப் பற்றி அவர் பிறகு சொன்னதன் சாரம்: ஏதேதோ முயன்று பார்த்தார், வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர் அளவுக்கு வந்துவிட்டது, பந்தில் சுழற்சி குறைந்துபோனது.

மோசமான அப்ரைசல் வாங்கிவிட்டு வருபவர் அடுத்த மூன்று மாதம் என்ன செய்வார் தெரியுமா? எல்லாவற்றையும் மாற்றுவார். மெயில் எழுதும் விதம், மீட்டிங்கில் பேசும் விதம், சீக்கிரம் வருவது, லேட்டாகப் போவது, புதிதாக ஒரு கோர்ஸ். ஒரே நேரத்தில் ஆறு ஸ்க்ரூவைத் திருகினால் எது இறுகியது, எது கழன்றது என்று யாருக்குத் தெரியும்? முன்பு ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த காரியமும் சேர்ந்து கெடும். அது கெட்டதும், 'பார், நான் உண்மையிலேயே லாயக்கில்லாதவன்தான்' என்று ஆகிவிடும். முதல் அடியில் ஆட்டம் கண்ட நம்பிக்கை இந்த இரண்டாவதில்தான் முறியும். முறித்தது பெரும்பாலும் நாமே.

சக்கரமும் டிரில்லும்

பிறகு அவர் தன் வீடியோக்களைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். கண்டுபிடித்தது ஒரே ஒரு விஷயம்: தான் வீசுவது பக்கச் சுழற்சி, அதாவது சைட் ஸ்பின். மேல்மட்டத்தில் அது எடுபடவில்லை. மேற்சுழற்சிக்கு, ஓவர் ஸ்பின்னுக்கு மாற வேண்டும்.

கிரிக்கெட் பார்க்காதவர்களுக்காக ஒரு பத்தி. சுவரில் துளை போடும் டிரில் முனையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறது, போகும் திசையையே அச்சாக வைத்துச் சுற்றுகிறது. பந்து இப்படிச் சுற்றினால் தரையில் பட்டதும் பக்கவாட்டில் திரும்பும். ஆனால் எவ்வளவு திரும்பும் என்பது தரையைப் பொறுத்தது. பிடிப்பில்லாத பிட்ச்சில் வழுக்கிக்கொண்டு மட்டைக்கு வரும். உயரமும் அவ்வளவு வராது. இப்போது வண்டிச் சக்கரத்தை நினையுங்கள். போகிற திசையிலேயே முன்பக்கமாக உருளுகிறது. பந்து இப்படிச் சுற்றினால் காற்றே அதைக் கீழே அழுத்தும். மட்டைக்காரர் கணக்குப் போட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே தொப்பென்று விழும், விழுந்து எதிர்பார்த்ததைவிட உயரமாக எழும்பும். நடு மட்டையில் பட வேண்டியது மேல் விளிம்பில் படும். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாலும், எங்கே விழும், எவ்வளவு எழும்பும் என்ற சிக்கல் மிச்சம் இருக்கும்.

கேட்பதற்குச் சின்ன மாற்றம். அவரே அப்படித்தான் சொல்கிறார். அந்தச் சின்ன விஷயத்துக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது என்றும் சொல்கிறார். மணிக்கட்டும் விரலும் பல ஆயிரம் முறை செய்து பழகியதை மறக்க வைக்க வேண்டும். முன்பு ஒரு பயிற்சியில் 50 பந்து வீசியவர் அதை இரண்டு மடங்காக்கினார். தேர்வாளர்கள் கூப்பிடுவார்களா என்று தெரியாமலேயே. பயிற்சியாளர் ஏ.சி.பிரதிபன், கொல்கத்தா அணியின் அபிஷேக் நாயர் ஆகியோருக்கு அவர் பொதுமேடையில் நன்றி சொல்லியிருக்கிறார்.

இந்தக் கட்டத்தில் தன்னம்பிக்கைக்கு என்ன நடந்தது என்று கவனியுங்கள். 'எனக்கு விக்கெட் எடுக்கத் தெரியவில்லை' என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு காலையில் எழுந்து ஒன்றும் செய்ய முடியாது. 'பந்து டிரில் மாதிரி சுற்றுகிறது, சக்கரம் மாதிரி சுற்ற வேண்டும்' என்பது வேலைப் பட்டியல். அதை வைத்து நாளை காலை ஆறு மணிக்கு நெட்ஸுக்குப் போகலாம்.

என்னிடம் வந்த ஒரு பெண் நினைவுக்கு வருகிறார். அவருடைய அப்ரைசல் படிவத்தில் மேலாளர் எழுதியிருந்தது, 'கான்ஃபிடென்ஸ் போதவில்லை'. இதை எழுதியவரைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதை விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "எந்த நிமிஷத்துல போச்சு?" நீண்ட நேரம் யோசித்தார். "பேசும்போது நல்லாத்தான் சார் போச்சு. கடைசியில கேள்வி கேட்டாங்க பாருங்க, அப்பதான். அந்த நம்பர் எல்லாம் நான் போட்டது இல்ல, டீம்ல வேற ஒருத்தர் போட்டது." வருடம் முழுக்க அவர் தன்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டிருந்தார். குறை அங்கே இல்லை. முந்தைய நாள் எக்செல் கோப்பைத் திறந்து பார்க்காததுதான். அதற்குப் பிறகு அவர் செய்தது, எண்களைத் தானே ஒருமுறை போட்டுப் பார்ப்பது மட்டும். 'கான்ஃபிடென்ஸ்' என்ற சொல்லை நாங்கள் மறுபடி எடுக்கவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. குறைக்குப் பெயர் வைத்துவிட்டோம் என்பதால் அது சரியான பெயர் என்று ஆகிவிடாது. இதே பக்கச் சுழற்சியை வைத்துத்தான் வருண் 2020-லும் 2021-லும் ஐபிஎல்லில் 35 விக்கெட் எடுத்தார். 2022-க்குள் எல்லா அணிகளும் அவருடைய வீடியோவை அலசிவிட்டன என்பதும் சரிவுக்குக் காரணமாக இருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எனக்குத் தெரிந்தவரை அவருடைய கண்டுபிடிப்பின் பலம், அது சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருந்ததுதான். வீசிப் பார்க்கலாம், தெரிந்துவிடும்.

சின்ன மேடை

எங்கே வீசிப் பார்ப்பது? இந்திய அணியில் இடமில்லை. ஐபிஎல்லில் ஒரு ஓவர் கெட்டால் அணி தோற்கும். அவர் போனது உள்ளூர் ஆட்டங்களுக்கும் டிஎன்பிஎல்லுக்கும். புது முறைப் பந்துவீச்சை முதலில் அங்கே, பிறகு ஐபிஎல்லில் என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப்போனதாகச் சொல்கிறார்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் முன்வைத்த கோட்பாட்டில், 'என்னால் முடியும்' என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது: நாமே செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, அடுத்தவர் சொல்லும் ஊக்கம், உடம்பும் மனமும் இருக்கும் நிலை. நான்கிலும் வலுவானது முதலாவது. நிறுவனங்கள் காசு செலவழிப்பதோ பெரும்பாலும் மூன்றாவதில். மலிவு, ஒரு மதியத்தில் முடியும், போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம். பண்டூரா இன்னொன்றும் சொல்வார்: லேசாகக் கிடைத்த வெற்றிகளை மட்டுமே பார்த்தவர்கள் ஒரு தோல்வியில் சீக்கிரம் துவண்டுவிடுவார்கள். நான்காம் டிவிஷனிலிருந்து மூன்றே வருடத்தில் இந்திய அணிக்கு வந்தவருக்கு இது பொருந்துகிறதா இல்லையா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

2023 ஐபிஎல்லில் 20 விக்கெட். அந்த சீசனில் ஒரு ஓவரை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மே 4, ஹைதராபாத். கடைசி ஓவரில் அந்த அணிக்குத் தேவை 9 ரன். வேகப்பந்து வீச்சாளர்கள் வீசும் ஓவர் அது. பந்தைச் சுழற்பந்துக்காரரான இவர் கையில் கொடுத்தார்கள். மூன்று ரன்தான் கொடுத்தார். கொல்கத்தா 5 ரன்னில் வென்றது. இதயத் துடிப்பு 200-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார். படபடப்பு அப்படியேதான் இருந்திருக்கிறது. அதோடுதான் வீசியிருக்கிறார்.

அப்போதும் இந்திய அணியிலிருந்து அழைப்பு இல்லை.

'வேலையைச் செய், பலன் தானாக வரும்' என்று ஆறுதல் சொல்லும் அத்தனை பேரையும் இந்த இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும். 20 விக்கெட் எடுத்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. 2024 ஐபிஎல்லில் 21 விக்கெட், அந்த சீசனில் இரண்டாம் இடம், மே 26 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்குக் கோப்பை. அடுத்த மாதம் தொடங்கிய டி20 உலகக் கோப்பையை இந்தியா அவர் இல்லாமலேயே வென்றது. மூன்று வருடம் ஆனதும் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்ததாகவும், முதல்முறை அணிக்குள் வந்ததைவிடத் திரும்பி வருவது கடினமாக இருந்ததாகவும் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஐபிஎல் கோப்பையைக் கையில் வைத்திருந்தவர் நேராக டிஎன்பிஎல்லுக்குப் போய், சேலத்திலும் நத்தத்திலும் ஆடும் தொடரில், அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் அணிக்காகப் பந்து வீசினார். ஆகஸ்டில் அந்த அணி முதல்முறையாகக் கோப்பை வென்றது. இந்திய அணிக்குத் திரும்பிய நாளில் எது நம்பிக்கை கொடுத்தது என்று பேசியபோது அவர் சொன்னது இந்தத் தொடரையும் அஸ்வினோடு செய்த வேலையையும்தான்.

திரும்பியது, கொஞ்சம் அதிர்ஷ்டமும்

2024 அக்டோபர் 6, குவாலியர். வங்கதேசத்துக்கு எதிராக 31 ரன்னுக்கு 3 விக்கெட். இடையில் இந்தியா அவர் இல்லாமல் ஆடிய டி20 ஆட்டங்கள் 86. மறுபிறவி மாதிரி இருக்கிறது என்றார்.

இதற்குப் பின்னால் இருந்த காற்றையும் சொல்லிவிட வேண்டும். 2024-ல் கொல்கத்தாவுக்கு ஆலோசகராக இருந்து இவரைப் பக்கத்தில் பார்த்த கௌதம் கம்பீர், ஜூலையில் இந்திய அணியின் பயிற்சியாளரானார். ஜடேஜா டி20-யிலிருந்து ஓய்வு பெற்று ஓர் இடம் காலியாகியிருந்தது. இவை இரண்டும் நடக்காமல் இருந்திருந்தால் அவருடைய புது முறைப் பந்துவீச்சு அதே தரத்தில்தான் இருந்திருக்கும். இந்த ஆய்வை நான் எழுதியிருக்க மாட்டேன். 2021-க்குப் பின் கிடைத்த 8 கோடியும் அப்படித்தான். தன் குறையை வீடியோவில் உட்கார்ந்து பார்க்க ஒருவருக்கு நிம்மதியான வருமானம் வேண்டும். வீட்டுக் கடன் தவணை தலைமேல் இருக்க, மூன்று மாதத்தில் தேறிக் காட்டு என்று நிறுவனம் கெடு வைத்திருப்பவரிடம் 'வருண் மாதிரி இரண்டு வருஷம் எடுத்துக்கோ' என்றால் அவர் நம்மை அடிக்க வருவார். வரட்டும், நியாயம்தான். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொடுக்க முடிவது, மாற்றுவதை ஒன்றாகக் குறைத்துக்கொள்வதும், கெட்டுப்போனாலும் வேலை போகாத ஓர் இடத்தில் அதை முதலில் செய்து பார்ப்பதும் மட்டுமே. மேலாளர்களுக்கு எடுத்துக்கொடுக்க அந்த 25 நாள் கணக்கு இருக்கிறது. ஒருவர் விழுந்த உடனே, அவர் தேறிவிட்டாரா என்று தெரிவதற்கு முன்பே, 'நீ இருக்கிறாய்' என்று சொல்வது. சொன்ன பிறகு வந்த சீசன் மோசமானது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் கெபெர்ஹாவில் 17 ரன்னுக்கு 5 விக்கெட். அவர் முடித்தபோது ஆட்டம் இந்தியா கையில் இருந்தது, ஆனாலும் தோற்றார்கள். அந்த நான்கு ஆட்டத் தொடரில் 12 விக்கெட். 2025 தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஐந்து ஆட்டத்தில் 14, தொடர் நாயகன். பிப்ரவரி 9 அன்று கட்டாக்கில் ஒருநாள் போட்டி அறிமுகம், 33 வயதில். சாம்பியன்ஸ் டிராபிக்கு முதலில் அறிவித்த அணியில் அவர் பெயர் இல்லை. கடைசி நேரத்தில் சேர்த்தார்கள்.

அந்தத் தொடரில் இந்தியா ஆடிய எல்லா ஆட்டமும் துபாயில். முதல் இரண்டில் அவர் வெளியே. மார்ச் 2 அன்று இறக்கினார்கள். எதிரணி நியூசிலாந்து. அதே மைதானம், 2021-ல் 4 ஓவருக்கு 23 ரன் கொடுத்து வெறுங்கையோடு போன அதே எதிரணி. இந்த முறை 10 ஓவர், 42 ரன், 5 விக்கெட். இந்தியா 44 ரன்னில் வென்றது. அரையிறுதியில் இரண்டு, இறுதியில் இரண்டு என்று மூன்று ஆட்டத்தில் 9 விக்கெட்டோடு கோப்பையும் வந்தது.

மார்ச் 2 இரவு ஆட்ட நாயகன் விருதை வாங்கிக்கொண்டு அவர் பேசியபோது, தொடக்கத்தில் பதற்றமாக இருந்தது என்றார். இந்தியாவுக்காக ஒருநாள் ஆட்டம் அதிகம் ஆடியதில்லையே என்று. கோலி, ரோஹித், ஷ்ரேயஸ், ஹர்திக் ஆகியோர் பக்கத்தில் வந்து பேசிக்கொண்டே இருந்தார்களாம். போகப் போகச் சரியாகிவிட்டதாம்.